30 ஆண்டு சிகரெட்டை விட்டு வேப்புக்கு மாறுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லண்டனின் வடமேற்கில், ஹாரோவில், சிறிய கடை ஒன்று நடத்துகிறேன். பால், பாண், பத்திரிகை, லாட்டரி டிக்கெட் ஆகியவற்றோடு சிகரெட்டும், நிக்கோட்டின் திரவத்தைச் சூடாக்கி ஆவியாக இழுக்கும் வேப் எனப்படும் இ-சிகரெட்டும் விற்கிறேன். யாழ்ப்பாணத்தில் 17 வயதில் பற்ற வைத்த சிகரெட்டை 49 வயதுவரை நான் கீழே வைக்கவில்லை. நாளுக்கு ஒரு பெட்டி, 32 ஆண்டுகள். ஆறு ஆண்டுகளுக்கு முன்பு முழுதாக வேப்புக்கு மாறி, அன்றிலிருந்து ஒரு சிகரெட்கூடத் தொடாமல் இருக்கிறேன். அதற்கு முன் இரண்டு முறை மாறப் பார்த்துத் தோற்றேன். மன உறுதி போதவில்லை என்றே அப்போது நினைத்தேன். செய்த விதம்தான் பிழை என்பது பிறகுதான் விளங்கியது. அதே பிழைகளோடு கவுண்டருக்கு அந்தப் பக்கம் எங்கள் ஆட்கள் வந்து நிற்கும்போது மனம் கேட்பதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். இது சிகரெட்டை விட முடியாமல் தவிப்பவர்களுக்கான பேச்சு. புகைக்காதவருக்கும் பிள்ளைகளுக்கும் வேப்பில் எந்த வேலையும் இல்லை. வேப் பாதிப்பே இல்லாத பொருளும் அல்ல. பல பத்தாண்டுகள் இழுத்தால் என்ன ஆகும் என்பது மருத்துவத்துக்கே இன்னும் முழுதாகத் தெரியாது. ஆனால் சிகரெட் என்ன செய்யும் என்பது நன்றாகவே தெரியும். நீண்ட கால ஆபத்து சிகரெட்டின் ஆபத்தில் 5 சதவீதத்தைத் தாண்ட வாய்ப்பில்லை என்று லண்டன் ராயல் மருத்துவர் கல்லூரி 2016இல் கணித்தது. 2019இல் இங்கிலாந்தில் 886 பேரை வைத்து நடந்த ஆய்வில், ஓராண்டு முடிவில் சிகரெட்டை விட்டிருந்தவர்கள் வேப் பிரிவில் 18 சதவீதம், நிக்கோட்டின் பட்டை, சூயிங்கம் போன்றவற்றைப் பயன்படுத்திய பிரிவில் 9.9 சதவீதம். ஏறத்தாழ இரண்டு மடங்கு. அப்படியிருந்தும் வேப் பிரிவில் நூற்றுக்கு 82 பேர் விட முடியாமல் போனார்கள் என்பதையும் அந்தக் கணக்கே சொல்கிறது. கருவியை வாங்கினால் மட்டும் போதாது.

நிக்கோட்டினைக் கண்டு பயப்படுவது

கடைக்கு வருபவர்களில் பெரும்பாலோர் தடுக்கி விழும் இடம் இதுதான். நாளுக்கு 20 சிகரெட் புகைத்த மனிதர், “குறைந்ததாக ஒன்று கொடுங்கள் அண்ணா, எதற்கு வம்பு” என்று மில்லிலிட்டருக்கு 3 மில்லிகிராம் நிக்கோட்டின் உள்ள திரவத்தை எடுக்கிறார். இரண்டு நாள் கழித்து அதே மனிதர் சிகரெட் பெட்டி கேட்டு வருகிறார். நானும் முதல் முறை இதைத்தான் செய்தேன். அன்று ஒரு கடையில் எனக்கு எடுத்துக் கொடுத்ததும் 3தான். நாள் முழுவதும் இழுத்தேன். தொண்டை வறண்டது, தலை வலித்தது, ஆசை மட்டும் அடங்கவில்லை.

லண்டன் மோட்ஸ்லி மருத்துவமனையில் பணியாற்றிய மைக்கேல் ரஸ்ஸல் என்ற மனநல மருத்துவர் 1976இலேயே இதைத் தெளிவாக எழுதினார்: மனிதர் புகைப்பது நிக்கோட்டினுக்காக, சாவது தார் எனப்படும் புகைக் கசடினால். சிகரெட்டின் நுனி ஒவ்வோர் இழுப்பிலும் 900 பாகை செல்சியஸ் அளவுக்குக் கனல்கிறது. புகையிலை எரியும்போதுதான் தாரும் கார்பன் மோனாக்சைடும் புற்றுநோய் தரும் இரசாயனங்களும் பிறக்கின்றன. நிக்கோட்டின் நம்மைக் கட்டிப்போடும் கயிறு; நுரையீரலைத் தின்பது எரிதல். கயிற்றைப் பிறகு அவிழ்க்கலாம். முதலில் நெருப்பிலிருந்து வெளியே வர வேண்டும்.

பிரிட்டனில் சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவு, மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராம். நாளுக்கு ஒரு பெட்டி புகைத்தவர் அந்த அளவில், ‘நிக் சால்ட்’ (நிக்கோட்டின் உப்பு) என்று எழுதிய திரவத்தோடு தொடங்குவதே சரி. சாதாரண நிக்கோட்டின் அந்தச் செறிவில் தொண்டையைக் குத்தும். நிக் சால்ட் அப்படிக் குத்தாது. அளவு கூடினால் உடலே சொல்லிவிடும்: இலேசான தலைச்சுற்றல், குமட்டல். அப்போது சற்று நேரம் கீழே வைத்தால் போதும்.

இழுக்கும் விதத்திலும் பழைய பழக்கம் காலை வாரும். சிகரெட்டை இழுப்பதுபோல் வெடுக்கென்று இழுத்தால் திரவம் வாயில் ஏறும், இருமல் வரும். மூன்று நான்கு வினாடிகள் மெதுவாக வாய்க்குள் இழுத்து, பிறகு உள்ளே எடுக்க வேண்டும். சிகரெட் நிக்கோட்டினைச் சில வினாடிகளில் மூளைக்குக் கொண்டுபோய்விடும். வேப்பில் அது சற்றுத் தாமதம். ஐந்து நிமிடத்தில் ஒன்றை முடித்துவிட்டுப் போன கணக்கு இங்கே செல்லாது. தேநீர் உறிஞ்சுவதுபோல, தேவைப்படும்போது இரண்டு மூன்று இழுப்பு என்று நாளெல்லாம் பரவலாக எடுக்க வேண்டும்.

பத்து நிமிடம் காத்திராதது

இரண்டாவது முறை நான் தோற்ற கதை இது. புதுக் கருவி வாங்கி, திரவம் நிரப்பி, அந்த நொடியே இழுத்தேன். எரிந்த பஞ்சின் நாற்றம் நாக்கில் ஒட்டிக்கொண்டது. சட்டை கருகும்போது வருமே, அந்தச் சுவை. கருவியை மேசை இழுப்பறைக்குள் எறிந்துவிட்டு மறுபடியும் சிகரெட்டுக்குப் போனேன். அந்த ஒரு இழுப்பு எனக்கு எட்டு மாதச் சிகரெட்டாக முடிந்தது.

கருவிக்குள் காயில் என்று ஒரு கம்பிச் சுருள் இருக்கிறது, அதைச் சுற்றிப் பஞ்சு. பஞ்சு திரவத்தைக் குடித்து நனைந்த பிறகுதான் சூடு ஏற வேண்டும். காய்ந்த பஞ்சில் சூடு ஏறினால் அது கருகிவிடும். கருகிய காயிலை எதுவும் சரிசெய்யாது, மாற்றத்தான் வேண்டும். அதனால் நிரப்பியதும் பத்து நிமிடம் நிமிர்த்தி வைத்துவிட்டு வேறு வேலை பாருங்கள். திரவம் அடிமட்டத்துக்கு வற்றுமுன் மீண்டும் நிரப்புங்கள். சுவை மங்கினால், பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில், காயிலையோ பாட் எனப்படும் சின்னக் குப்பியையோ மாற்றுங்கள். இப்போது யார் முதல் முறை வாங்கினாலும் கடையிலேயே நிரப்பச் சொல்லி, பால் பெட்டி மேல் உட்கார வைத்து, கடிகாரத்தைக் காட்டுகிறேன். அவசரப்படுகிறவர்களிடம் அந்த எட்டு மாதத்தைச் சொல்கிறேன்.

திரவத்திலும் பொருத்தம் பார்க்க வேண்டும். வாய்க்குள் இழுத்துப் பிறகு உள்ளே எடுக்கும் சிறிய கருவிக்கு, லேபிளில் புரொப்பிலின் கிளைக்காலும் கிளிசரினும் பாதிக்குப் பாதி உள்ளதே பொருந்தும். கிளிசரின் கூடிய கெட்டித் திரவம் பெரிய புகைமண்டலக் கருவிகளுக்கானது; சிறிய காயிலில் அது ஊறாது.

“ஒன்று இரண்டு மட்டும்”

நாளுக்கு 20இலிருந்து 4க்கு வந்துவிட்டேன் என்று பெருமையாகச் சொல்கிறவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கவலைதான் வருகிறது. 4 என்பது இடைவழியில் ஒரு நாள் தங்கும் இடமாக இருக்கலாம், குடியிருக்கும் இடமாக ஆகிவிடக் கூடாது. 2018இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளிவந்த பெரிய தொகுப்பாய்வு ஒன்று, நாளுக்கு ஒரே ஒரு சிகரெட் புகைப்பவருக்குக்கூட, 20 புகைப்பவருக்குக் கூடும் இதய நோய் ஆபத்தில் ஏறத்தாழ பாதி இருப்பதாகக் காட்டியது. இருபதில் ஒரு பங்கு என்றுதான் நாம் மனக்கணக்குப் போடுகிறோம். இதயம் அப்படிக் கணக்குப் போடுவதில்லை.

என் கண் திறந்தது ஒரு மருந்தகத்தின் பின்னறையில். புகைப்பதை விட உதவும் ஆலோசகர், மூச்சில் உள்ள கார்பன் மோனாக்சைடை அளக்கும் சிறு கருவியை நீட்டினார். 15 வினாடி மூச்சை அடக்கி, மெதுவாக ஊதினேன். 26 என்று காட்டியது. மூன்று வாரம் கழித்து, வேப்போடு நாளுக்கு நான்கு சிகரெட் என்று இருந்த காலத்தில், 11. நல்ல முன்னேற்றம் என்று பாராட்டுவார் என எதிர்பார்த்தேன். “அந்த நான்கு எந்த நான்கு?” என்று கேட்டார். காலை எழுந்ததும், கடை திறந்ததும், மதியம் சாப்பிட்டதும், இரவு கதவைப் பூட்டியதும். “அப்படியென்றால் நீங்கள் விட்டது வேண்டாத 16ஐ. வேண்டிய நான்கும் அப்படியே இருக்கின்றன” என்றார். வீட்டுக்கு வந்து மீதிப் பெட்டியைத் தண்ணீர் ஊற்றிக் குப்பையில் போட்டேன். அடுத்த முறை ஊதியபோது 2.

அவர் சொன்ன வழியே நானும் சொல்கிறேன். அந்த நான்கு நேரங்களையும் தாளில் எழுதுங்கள். அந்த நேரத்துக்குக் கருவி சார்ஜோடும் திரவத்தோடும் கையில் இருக்க வேண்டும். இரவு 11 மணிக்கு பேட்டரி இறங்கிய கருவிதான் பலரைப் பெட்ரோல் நிலையத்துக்குச் சிகரெட் வாங்க அனுப்புகிறது. மாற்றுக் காயில், சார்ஜ் கம்பி, இரண்டாவதாக ஒரு மலிவுக் கருவி, இவை ஆடம்பரம் இல்லை.

நடுவில் ஒருநாள் ஒரு கல்யாண வீட்டில் ஒன்று புகைத்துவிட்டால், எல்லாம் போய்விட்டது என்று பெட்டி வாங்கிவிடாதீர்கள். அடுத்த இழுப்பை வேப்பில் இழுங்கள், அவ்வளவே.

மருந்தும் தேநீரும்

இதைப் பலர் கேள்விப்பட்டதே இல்லை. சிகரெட் புகையில் உள்ள தார் சேர்மங்கள் கல்லீரலின் ஒரு நொதியை முடுக்கிவிடுகின்றன. அதனால் சில மருந்துகளும் காஃபீனும் உடலிலிருந்து வேகமாக வெளியேறுகின்றன. புகை நின்றதும் அந்த வேகமும் குறைகிறது. நிக்கோட்டினுக்கு இதில் பங்கில்லை, ஆகவே வேப்புக்கு மாறினாலும் இதுவே நடக்கும். ஆஸ்துமாவுக்குத் தரும் தியோஃபிலின், மனநோய்க்குத் தரும் குளோசபின், ஒலான்சபின் எடுப்பவர்களுக்கு அதே மாத்திரை திடீரென அளவு மீறியதாகலாம். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு இரத்தப் பரிசோதனை தேவைப்படலாம், இன்சுலின் போடுபவர்களுக்குச் சர்க்கரை இறங்கலாம். மாறுவதற்கு முன் மருத்துவரிடம் சொல்லுங்கள். எனக்கு மருந்து எதுவும் இல்லை, ஆனால் நாளுக்கு எட்டுத் தேநீர். முதல் வாரம் நெஞ்சு படபடத்துத் தூக்கமே இல்லை. வேப்தான் காரணம் என்று பயந்தேன். தேநீரைப் பாதியாக்கியதும் அடங்கியது. முதல் சில வாரம் இருமலும் வாய்ப்புண்ணும் வருவதுண்டு. இருமல் மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, சளியில் இரத்தம் கண்டாலோ, அதை மாற்றத்தின் கணக்கில் எழுதாமல் உடனே மருத்துவரைப் பாருங்கள்.

பழைய 30 ஆண்டுகள் அழிந்துவிட்டதாக எண்ணுவதும் தவறு. இங்கிலாந்தில் 55 முதல் 74 வயதுவரை, எப்போதாவது புகைத்தவர்களுக்கு நுரையீரல் பரிசோதனை அழைப்பு வருகிறது. “இப்போதுதான் விட்டுவிட்டேனே” என்று அந்தக் கடிதத்தை ஒதுக்குகிறார்கள். ஒதுக்காதீர்கள். இனி விட்டு என்ன பயன் என்பதும் அதே அளவு தவறு. பிரிட்டிஷ் மருத்துவர்களை 1951இலிருந்து 50 ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வில், 50 வயதில் விட்டவர்களுக்குக் கூடுதலாக ஆறு ஆண்டு ஆயுளும், 60இல் விட்டவர்களுக்குக்கூட மூன்று ஆண்டும் கிடைத்தன.

எங்கே வாங்குவது, எங்கே கொண்டுபோகக் கூடாது

லேபிள் இல்லாத, யாரோ கையில் கொடுத்த திரவத்தைத் தொடாதீர்கள். 2019-20இல் அமெரிக்காவில் 68 பேரின் உயிரைப் பறித்த நுரையீரல் நோய்க்குப் பெரும்பாலும் காரணமானது, கள்ளச்சந்தைக் கஞ்சாக் குப்பிகளில் கலந்த வைட்டமின் ஈ அசிட்டேட். எண்ணெய் எதையும் கருவியில் ஊற்றாதீர்கள். ஒருமுறை பயன்படுத்தி எறியும் வேப்புகளுக்கு 2025 ஜூன் 1 முதல் பிரிட்டனில் தடை. அவற்றை இன்னும் விற்கும் கடையில் வேறு எதையும் வாங்காதீர்கள். திரவப் புட்டியைப் பேரப்பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வையுங்கள், அதை விழுங்கினால் விஷம்.

ஊருக்குப் போகும்போது கவனம். இந்தியாவில் 2019 முதல் இ-சிகரெட்டைக் கொண்டுவருவதும் விற்பதும் இருப்பு வைப்பதும் குற்றம், சிறைத்தண்டனையும் உண்டு. சிங்கப்பூரில் கையில் வைத்திருந்தாலே குற்றம். சென்னைக் கல்யாணத்துக்குப் போகும் அந்த இரண்டு வாரத்துக்கு நிக்கோட்டின் பட்டையும் சூயிங்கமும் எடுத்துச் செல்லுங்கள். தமிழ்நாட்டில் வசிப்பவர்களுக்கும் அந்த வழிதான். 1800-11-2356 என்ற இலவச எண்ணில் புகையை விட ஆலோசனை கிடைக்கும். தடையில்லாத நாடுகளுக்குப் பறக்கும்போதும் கருவி கைப்பையில்தான் இருக்க வேண்டும், லக்கேஜில் போடக் கூடாது.

மிஞ்சுவது, வேப்பை எப்போது விடுவது என்ற கேள்வி. வீட்டாரின் வற்புறுத்தலால் மூன்றாம் மாதமே பூஜ்ஜியத்துக்கு இறங்கிச் சிகரெட்டுக்குத் திரும்பியவர்களை எனக்குத் தெரியும். நான் ஒன்றரை ஆண்டு 20 மில்லிகிராமிலேயே இருந்தேன். பிறகு 10. இப்போது 5. ஒரு காலத்தில் கண் விழித்த ஐந்து நிமிடத்தில் வாயில் சிகரெட் இருக்கும். இப்போது கடையைத் திறந்து, பத்திரிகைக் கட்டுகளைப் பிரித்து அடுக்கி முடிக்கும்வரை கை பையைத் தேடுவதில்லை. அந்த இடைவெளி மதியம்வரை நீளும்போது அடுத்த படிக்கு இறங்குவதாக இருக்கிறேன்.