மெதுவான பழைய அரசியல் படத்தைத் தூங்கிவிடாமல் பார்ப்பது எப்படி

முதலில் டிவி செட்டிங்ஸைப் பாருங்கள். 1950-களுக்கு முந்தைய படங்கள் பெரும்பாலும் 4:3 அளவை ஒட்டி எடுக்கப்பட்டவை, அதனால் திரையின் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும், வரட்டும். திரையை நிரப்புகிறேன் என்று படத்தை இழுத்துவிட்டால் நடிகர்கள் எல்லாரும் குண்டாகிவிடுவார்கள். மோஷன் ஸ்மூத்திங் இருந்தால் அணைத்துவிடுங்கள், நொடிக்கு 24 ஃபிரேமில் எடுத்த படத்தை அது டிவி சீரியல் மாதிரி ஆக்கிவிடும். அறை விளக்கும் வேண்டாம்.

அப்புறம், யாருக்கும் யாருக்கும் சண்டை, எதற்காகச் சண்டை என்பதை மட்டும் முன்கூட்டியே படித்துவிட்டு உட்காருங்கள். இந்த மாதிரிப் படங்கள் சலிப்பதற்குப் பாதிக் காரணம் வேகம் இல்லை, இதெல்லாம் பார்ப்பவருக்கு ஏற்கனவே தெரியும் என்று நினைத்து எடுத்திருப்பதுதான். 1942-ல் வந்த 'டென்னசி ஜான்சன்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1865-ல் லிங்கன் சுட்டுக் கொல்லப்பட்டதும் அமெரிக்க அதிபரான ஆண்ட்ரூ ஜான்சனின் கதை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் தோற்ற தெற்கு மாநிலங்களை எப்படித் திரும்பச் சேர்ப்பது, அடிமைத்தனத்திலிருந்து விடுதலையான கறுப்பின மக்களுக்கு என்ன உரிமை கொடுப்பது என்பதில் அவருக்கும் அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸுக்கும் முட்டிக்கொள்கிறது. போர்த்துறை அமைச்சர் ஸ்டான்டனை அவர் நீக்கப்போய், 1868-ல் பதவிநீக்க விசாரணை வரை போகிறது. காங்கிரஸின் மேலவையான செனட்டில் அவருக்கு எதிராக 35 ஓட்டு, ஆதரவாக 19. பதவிநீக்கத்துக்குத் தேவையான மூன்றில் இரண்டு பங்குக்கு ஒரே ஒரு ஓட்டு குறைந்ததால் தப்பித்தார். முடிவைச் சொல்லிவிட்டேனே என்று கோபப்படாதீர்கள், வரலாற்றுப் படத்தில் முடிவு ரகசியமே இல்லை.

நீளமான வசனங்கள் வரும்போது 1.5 வேகத்தில் ஓட்டாதீர்கள். பேசுகிறவரை விட்டுவிட்டு, கேட்டுக்கொண்டிருப்பவர்களின் முகத்தைப் பாருங்கள், அரசியல் அங்கேதான் நடக்கும். இடைவேளை வேண்டுமென்றால் தாராளமாக விடுங்கள், ஆனால் ஒரு காட்சி முடிந்த பிறகு.

எனக்குப் பிடித்த வேலை பிழைகளைப் பிடிப்பது. கதை நடக்கும் ஆண்டு ஒன்று, படம் எடுத்த ஆண்டு இன்னொன்று, எங்கே வரலாறு இடறுகிறதோ அங்கே பெரும்பாலும் இரண்டாவது ஆண்டு எட்டிப் பார்க்கும். இந்தப் படத்தில் ஜான்சன் நேரிலேயே செனட்டுக்கு வந்து உருக்கமாகப் பேசுவார். நிஜத்தில் அவர் அந்த விசாரணைக்குப் போகவே இல்லை, வக்கீல்கள்தான் வாதாடினார்கள். கறுப்பின மக்களின் உரிமைக்காக நின்ற காங்கிரஸ் உறுப்பினர் தாடியஸ் ஸ்டீவன்ஸ் இதில் கிட்டத்தட்ட வில்லன், 1866-ன் சிவில் உரிமை மசோதாவை வீட்டோ செய்த ஜான்சன் நாயகன்! அப்போதே கறுப்பின மக்களின் உரிமை அமைப்பான என்ஏஏசிபி எதிர்ப்புத் தெரிவித்து, அரசின் போர்த் தகவல் அலுவலகமும் தலையிட்டு, சில காட்சிகளைத் திரும்ப எடுத்தார்கள். அமெரிக்கா உலகப் போரில் இருந்த நேரம், வடக்கும் தெற்கும் சமாதானமாகிவிட்டன என்று காட்டும் கதை தேவைப்பட்டது. இது தெரிந்தபின் அந்த செனட் உரையைப் பாருங்கள், மொத்தமும் வேறு மாதிரி கேட்கும்.

படம் முடிந்ததும் எந்தக் காட்சி உங்களை அதிகம் அசைத்ததோ, அதை மட்டும் தேடிப் படியுங்கள். திரைக்கதை எழுதியவர் சேர்த்த இடம் அதுவாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.