காசிமேட்டுத் தங்கூசி நரம்பு போதும்: கார் சைடு பீடிங்கைப் பெயிண்ட் போகாமல் கழற்றும் முறை

எண்ணூர் பக்கம் தினமும் கார் ஓட்டுகிறவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கன்டெய்னர் லாரி கிளப்பும் புழுதி, கதவின் குறுக்கே ஒட்டியிருக்கிற பட்டையான சைடு பீடிங் மேல் போய் உட்காரும், கடல் காற்றின் ஈரத்தில் அது களியாகும். ரெண்டு மூணு வருஷத்தில் கருப்புப் பட்டை வெளுத்துப்போய், ஒரு முனை தூக்கிக்கொண்டு நிற்கும். அந்த முனையைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுக்கக் கை துறுதுறுக்கும்.

நான் இழுத்தேன். தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு வாசலில், மாமாவின் பழைய காரில். பீடிங்கோடு சேர்ந்து ஒரு ரூபாய்க் காசு அளவுக்குப் பெயிண்டும் செதிலாக வந்துவிட்டது. அந்தக் கதவு முன்பே டிங்கரிங் பார்த்து மறுபடி பெயிண்ட் அடித்தது என்று பிறகுதான் தெரிந்தது. மாமா ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

பீடிங்கைப் பிடித்திருப்பது ஸ்பாஞ்சு போன்ற டபுள் சைடு டேப். தடிமன் ஒரு மில்லிமீட்டர் சுமாருக்குத்தான். பீடிங்கை இழுத்தால் அந்தப் பலம் முழுக்கப் பெயிண்டின் மேல் போகும். ஸ்பாஞ்சை நடுவில் அறுத்துவிட்டால் பெயிண்டுக்கு ஒன்றும் ஆகாது. ஆகவே இது கழற்றும் வேலை இல்லை, அறுக்கும் வேலை.

என்னென்ன வேண்டும்

ஹேர் டிரையர், மாஸ்கிங் டேப், கொஞ்சம் மண்ணெண்ணெய் அல்லது ஐசோபுரோபைல் ஆல்கஹால், பழைய பனியன் துணி, கார் ஷாம்பு. அப்புறம் தங்கூசி நரம்பு, அதாவது மீன்பிடிக்கிற நைலான் நரம்பு. காசிமேட்டில் வலைச் சாமான் விற்கிற கடையில் கேளுங்கள், அரை மில்லிமீட்டர் கனத்தில் எடுங்கள். ஸ்க்ரூடிரைவர், பட்டி பிளேடு, கத்தி இதெல்லாம் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கவே கூடாது.

தொடங்கும் முன்

கதவை நன்றாகக் கழுவுங்கள். பீடிங்கின் மேல் விளிம்பில் பழைய பல் பிரஷ் போட்டுத் தேயுங்கள். இதைத் தாவினால் நரம்புக்கும் பெயிண்டுக்கும் நடுவே மணல் மாட்டிக்கொண்டு உப்புத்தாள் மாதிரி தேய்க்கும்.

அடுத்து, கதவு கம்பெனி பெயிண்டா, மறுபடி அடித்ததா என்று பாருங்கள். வெயிலில் பக்கத்துக் கதவோடு நிறம் ஒத்துப்போகிறதா? கதவு ஓரத்து ரப்பரை லேசாக விலக்கினால் பெயிண்ட் தெறித்த தடம் இருக்கிறதா? சந்தேகம் என்றால் இரட்டிப்பு நிதானம் வேண்டும். சில கார்களில் பீடிங் டேப்போடு பிளாஸ்டிக் பின்னும் சேர்ந்து கதவு ஓட்டையில் செருகியிருக்கும். கழற்றினால் ஓட்டை வெளியே தெரியும், தண்ணீரும் இறங்கும். அப்படிப்பட்ட பீடிங்கை விட்டுவிடுவதே நல்லது.

சூடு

மே மாத வெயிலில் நின்ற கார் என்றால் பாதி வேலை முடிந்த மாதிரி. இல்லாவிட்டால் ஹேர் டிரையரை அரை அடி தள்ளிப் பிடித்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல், ஒரு அடி நீளத்துக்கு ஒன்றிரண்டு நிமிஷம் காட்டுங்கள். உள்ளங்கையை வைத்தால் மூணு நாலு விநாடி தாங்க வேண்டும். தாங்கவில்லை என்றால் சூடு அதிகம். ஹீட் கன் வேண்டாம். பழகாத கையில் அது பெயிண்டைக் கொப்பளிக்க வைத்துவிடும்.

அறுப்பது

நரம்பை ரெண்டு அடிக்கு வெட்டி, இரு முனையையும் சின்னக் குச்சியில் சுற்றிக்கொள்ளுங்கள். காத்தாடி விட்ட கைக்கு ஏன் என்று தெரியும்: வெறும் விரலில் சுற்றினால் விரல் அறுபடும். தூக்கி நிற்கிற முனைக்குப் பின்னால் நரம்பை நுழைத்து, ரம்பம் இழுப்பது போல இடதும் வலதுமாக இழுங்கள். நரம்பு கதவை உரசக் கூடாது, பீடிங்கின் முதுகை ஒட்டியே போக வேண்டும். கதவில் ஸ்பாஞ்சு மிச்சம் நின்றால் பரவாயில்லை, கீறல்தான் கூடாது.

சரியாக அறுபடும்போது கையில் ஒரு மெத்தென்ற இழுவை தெரியும். திடீரென்று கெட்டியானால் பலம் கொடுக்காதீர்கள். ஸ்பாஞ்சு ஆறியிருக்கும், மறுபடி சூடு காட்டுங்கள். சூடு காட்டியும் அதே இடத்தில் நின்றால் உள்ளே பின் இருக்கலாம். நரம்பு அறுந்துபோவது சகஜம், அடுத்த துண்டை எடுங்கள். கழன்ற பகுதி தொங்கி, மிச்சத்தை இழுக்காமல் இருக்க மாஸ்கிங் டேப்பால் கதவோடு ஒட்டி வையுங்கள். முதல் கதவுக்கு எனக்கு முக்கால் மணி நேரம் பிடித்தது.

மிச்சப் பசை

கதவில் நிற்கும் ஸ்பாஞ்சை லேசாகச் சூடாக்கி, கட்டை விரலால் உருட்டுங்கள். அழுக்கு திரள்வது போலத் திரண்டு வரும். விரல் வலிக்கும், வேறு வழியில்லை. டிரில்லில் மாட்டுகிற ரப்பர் வீல் இந்த வேலையை நிமிஷத்தில் முடிக்கும், ஆனால் ஒரே இடத்தில் நின்றால் பெயிண்டைச் சுட்டுவிடும். முதல் தடவைக்கு அது தேவையில்லை.

இனி டிரையரைப் பிளக்கிலிருந்து பிடுங்கி உள்ளே வைத்துவிட்டு, கதவு ஆறிய பிறகே மண்ணெண்ணெயையோ ஆல்கஹாலையோ திறங்கள். முதலில் கண்ணில் படாத ஓரத்தில் தடவிப் பாருங்கள். துணியில் நிறம் ஏறவில்லை என்றால், நனைத்த துணியைப் பசை மேல் ரெண்டு நிமிஷம் ஒத்திவைத்துத் துடையுங்கள். தின்னர் மட்டும் வேண்டவே வேண்டாம், மறுபடி அடித்த பெயிண்டை அது கரைத்துவிடும். கடைசியில் ஷாம்பு போட்டுக் கழுவுங்கள்.

பீடிங் இருந்த இடம் சுற்றியுள்ளதைவிடப் பளிச்சென்று இருக்கும், அங்கே வெயில் படாததுதான் காரணம். ரப்பிங் காம்பவுண்டால் சுற்றிலும் மெதுவாகத் தேய்த்தால் குறையும். வெள்ளைக் காரில் சாதாரணமாகத் தெரியாது. மாமாவின் கார் சிவப்பு, அதில் சாய்ந்து பார்த்தால் இன்னும் ஒரு கோடு தெரிகிறது.

அப்படியே விடப்போகிறீர்கள் என்றால் வேக்ஸ் போடுங்கள். புது பீடிங் ஒட்டுவதாக இருந்தால் வேக்ஸ் கூடாது, டேப் பிடிக்காது. ஆல்கஹாலில் துடைத்து, காய்ந்ததும் ஒட்டி, ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.