முன்பல் கழன்று விழுந்தால், ஆஸ்பத்திரிக்குப் புறப்படும் முன்பே திரும்ப வையுங்கள்

வேரோடு கழன்ற பல்லைத் திரும்ப வைக்கலாம் என்பது நிறையப் பேருக்குத் தெரியாது. நான் மட்டக்களப்பில் படுவான்கரைப் பக்கம் பாடசாலைப் பற்சிகிச்சையாளராக வேலை செய்கிறேன். கிரிக்கெட் பந்து பட்டு, சைக்கிளில் இருந்து விழுந்து என்று பிள்ளைகளைக் கூட்டி வருவார்கள். பல் லேஞ்சிக்குள் (கைக்குட்டைக்குள்) சுற்றிக் காய்ந்துபோய் வரும். அதைப் பார்க்க மனம் பொறுக்காது.

வேரின் மேல் உயிருள்ள மெல்லிய சவ்வு ஒட்டியிருக்கும். பல் எலும்போடு மறுபடி பிடிக்க அதுதான் வேண்டும். காய்ந்து கிடந்தால் ஒரு மணித்தியாலத்துக்குள் அது செத்துவிடும். வெல்லாவெளியில் இருந்தோ வாகரையில் இருந்தோ மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குப் போய்ச் சேருமுன் அந்த நேரம் முடிந்துவிடலாம். அதனால் விழுந்த இடத்திலேயே செய்யவேண்டியதைச் செய்யுங்கள்.

பிள்ளை மயங்கினாலோ வாந்தி எடுத்தாலோ பல்லைப் பாலில் போட்டுக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். தலைக்காயம்தான் முதல். விழுந்தது பாற்பல் என்றால் திரும்ப வைக்கவே கூடாது, உள்ளே வளரும் பல் பழுதாகிவிடும். வழக்கம்போலக் கூரையில் எறியலாம். மேல் முன்பற்கள் 7, 8 வயதில்தான் மாறும். மாறிய பல்லா என்று தாயிடம் கேளுங்கள்.

சரி, நிரந்தரப் பல்தான். வெள்ளைப் பக்கத்தில் மட்டும் பிடியுங்கள், வேரில் கை படக்கூடாது. மண் இருந்தால் பாலிலோ பைப்புத் தண்ணியிலோ சில விநாடி அலசினால் போதும். சவர்க்காரம் வேண்டாம், தேய்க்கவும் வேண்டாம். பக்கத்துப் பல்லைப் பார்த்து முன்பக்கம் முன்னுக்கு வரும்படி குழிக்குள் மெதுவாக அழுத்துங்கள். "கொஞ்சம் பொறு மகன்" என்று சொல்லி, சுத்தமான லேஞ்சியைக் கடித்துப் பிடிக்கச் சொல்லுங்கள். சேர்மார், டீச்சர்மார் இதற்குப் பயப்படத் தேவையில்லை. கொஞ்சம் கோணலாக வைத்தாலும் பல் வைத்தியர் சரிப்படுத்துவார், காய்ந்த வேரை யாராலும் உயிர்ப்பிக்க முடியாது.

வைக்க முடியாவிட்டால் பல் மூழ்கும்படி சீனி போடாத குளிர்ந்த பாலில் போடுங்கள். பால் இல்லையா, பிள்ளையை ஒரு கோப்பைக்குள் துப்பச் சொல்லி அந்த எச்சிலில் வையுங்கள். இளநீர் பற்றிக் கேட்பார்கள். அதில் புளிப்புத்தன்மை உண்டு, பால் கிடைத்தால் பாலே நல்லது. பல் பாதியாக உடைந்திருந்தால் துண்டைத் தண்ணியில் போட்டுக் கொண்டு வாருங்கள், பல நேரம் ஒட்டிவிடலாம்.

வைத்தியர் மெல்லிய கம்பியால் பக்கத்துப் பற்களோடு சேர்த்து 2 வாரமளவில் கட்டி வைப்பார். ஏற்பு (டெட்டனஸ்) ஊசியும் தேவைப்படலாம். அதுவரை சோறு குழைவாக, பிரஷ் மென்மையாக இருக்கட்டும்.

அப்புறம் ரூட் கனல். பல் கழன்றபோதே நரம்பும் இரத்தக்குழாயும் அறுந்துவிடும். வேர் முற்றிய பல்லில் அவை உள்ளே அழுகிக் கிருமி பிடிக்கும், வேரும் கரையத் தொடங்கும். அதனால் 2 வாரத்துக்குள் வேரின் குழாயைத் துப்புரவாக்கி மருந்து வைப்பார்கள், பிறகு அடைப்பார்கள். 7, 8 வயதுப் பிள்ளைக்கு வேர் நுனி திறந்திருக்கும். இரத்தக்குழாய் திரும்ப வளர இடமிருப்பதால் வைத்தியர் பொறுத்துப் பார்ப்பார்.

வலி இல்லையென்று கிளினிக்கை விட்டுவிடாதீர்கள், வருடக்கணக்கில் பார்க்க வேண்டிய பல் இது. பல் சாம்பல் நிறமானாலோ முரசில் (ஈறில்) சின்னப் பரு வந்தாலோ குறித்த திகதிவரை காத்திராமல் காட்டுங்கள்.