கடலூர், புதுச்சேரி வீடுகளில் மீன் தொட்டிக்கு ஒத்துப்போகும் நன்னீர் மீன்களைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

ஒரே தொட்டியில் எந்தெந்த மீன்களைச் சேர்த்து விடலாம் என்ற கேள்வியைப் பெரும்பாலோர் மீன்களின் குணத்தைப் பற்றிய கேள்வியாகவே எடுத்துக்கொள்கிறார்கள். எது சண்டை போடும், எது சாதுவாக இருக்கும் என்று கடைக்காரரிடம் கேட்டு, அவர் கைகாட்டும் மீன்களைப் பையில் வாங்கி வந்துவிடுகிறார்கள். கடலூர், புதுச்சேரி போன்ற கடலோர ஊர்களில் அதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி, நம் வீட்டுத் தண்ணீரும் நம் ஊர் வெயிலும் அந்த மீனுக்கு ஒத்துக்கொள்ளுமா என்பதுதான். ஒவ்வாத தண்ணீரில் நாள் கழிக்கும் மீன், எவ்வளவு சாதுவான கூட்டாளிகளோடு இருந்தாலும், விரைவிலேயே நோயில் விழும்.

இவ்விரு ஊர்களிலும் வீட்டுக்கு வருவது பெரும்பாலும் நிலத்தடி நீர். வாளியின் உட்புறத்திலும் குழாய் முனையிலும் வெள்ளைப் படிவு ஏறுகிறது, சோப்பு எளிதில் நுரைக்கவில்லை என்றால், உங்கள் தண்ணீர் கடினமானது, அதாவது சுண்ணாம்புச் சத்து மிகுந்தது என்று கொள்ளலாம். டிடிஎஸ் மீட்டர் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவை மட்டுமே காட்டும். கடினத்தன்மையையும், நீர் அமிலமா காரமா என்று காட்டும் பிஎச் அளவையும் அறிய, மீன் கடைகளில் கிடைக்கும் சொட்டுப் பரிசோதனைப் பெட்டியை ஒருமுறை வாங்கிவிடுவது நல்லது. கடினமும் சற்றே காரமுமான நீரை விரும்பும் மீன்கள் கப்பி, மோலி, பிளாட்டி, வாள்வால் ஆகிய குட்டி போடும் இனங்கள். மோலி ஓரளவு உப்புச் சுவையுள்ள நீரையும் தாங்கும் என்பதால், கடலை ஒட்டிய தெருக்களில் இருப்பவர்களுக்கு அதுவே முதல் தேர்வு. மாறாக, நியான் டெட்ராவும் டிஸ்கஸும் அமேசான் படுகையின் மென்மையான, அமிலத்தன்மை கொண்ட நீருக்குப் பழகிய இனங்கள். அவற்றுக்காக ஆர்.ஓ. நீரைக் கலந்து பயன்படுத்துவோர் உண்டு. ஆனால் ஆர்.ஓ. நீரில் மீனுக்குத் தேவையான தாதுக்களும் அநேகமாக நீங்கிவிடுவதால், ஒவ்வொரு முறை நீர் மாற்றும்போதும் அதே விகிதத்தில் கலவையைத் தயாரிக்க வேண்டியிருக்கும். புதிதாகத் தொடங்குபவர் அந்தத் தொல்லையை விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. ஏஞ்சல் மீனும் அமேசானைச் சேர்ந்ததே என்றாலும், சென்னைக் கொளத்தூர் போன்ற இடங்களிலிருந்து வரும் ஏஞ்சல்கள் பல தலைமுறைகளாகத் தொட்டியில் வளர்க்கப்பட்டவை. மிதமான கடின நீரில் அவை நன்றாகவே வாழ்கின்றன.

அடுத்தது வெப்பம். அக்னி நட்சத்திர நாட்களில், குளிர்சாதனம் இல்லாத அறையில் தொட்டி நீர் 30 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். 20 டிகிரி நன்னீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் அது ஏறத்தாழ ஏழரை மில்லிகிராமாகக் குறைகிறது. ஆகவே குளிர்ந்த நீரை விரும்புவதும் ஏராளமாகக் கழிவு வெளியேற்றுவதுமான கோல்டு ஃபிஷ்ஷை, வெப்ப நீர் மீன்களோடு ஒரே தொட்டியில் விடக்கூடாது. எல்லாக் கடைகளிலும் அந்தக் கலவையே கண்ணில் படுகிறது என்பது வேறு விஷயம். நம் நிலைமையில் இன்னொரு சிக்கலும் உண்டு: வெப்பமும் பிஎச்சும் உயர உயர, மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவின் நச்சுத்தன்மையும் கூடுகிறது. மென்னீரில் தாக்குப்பிடிக்கும் நெரிசல் நம் ஊர்த் தொட்டியில் மீன்களைக் கொன்றுவிடும் என்பதால், இத்தனை லிட்டருக்கு இத்தனை மீன் என்று சொல்லும் புத்தகக் கணக்கைவிடக் குறைவாகவே மீன் விடுங்கள்.

தண்ணீரும் வெப்பமும் ஒத்துவந்த பிறகுதான் மீனுக்கு மீன் பொருத்தம் பார்க்க வேண்டும். அதில் முதலில் பார்க்க வேண்டியது வளர்ந்த மீனின் அளவும் அதன் வாயும். வாயில் நுழையும் எதையும் பெரும்பாலான மீன்கள் விழுங்கிவிடும். அது சண்டை அல்ல, இரை. 15 சென்டிமீட்டர் வரை வளரும் ஏஞ்சல், சிறு வயதில் உடன் நீந்திய நியான்களைப் பின்னாளில் ஒவ்வொன்றாகத் தின்றுவிடும். கடைகளில் ஷார்க் என்ற பெயரில் விற்கப்படும் வெள்ளி நிறக் குஞ்சுகளில் பல, உணவுக்காகக் குளங்களில் வளர்க்கப்படும் பங்காசியஸ் மீன்கள்தான்; அவை ஒரு மீட்டருக்கு மேல் வளரக்கூடியவை. பாசியைத் தின்று தொட்டியைச் சுத்தமாக வைத்திருக்கும் என்று சொல்லித் தலையில் கட்டப்படும் சக்கர் மீனும் 30 சென்டிமீட்டரைத் தாண்டும். அது பாசியைத் தின்பதைவிடக் கழிவு போடுவதே அதிகம். ஆஸ்கார், ஃபிளவர்ஹார்ன் இரண்டும் தனித் தொட்டிக்குரியவை.

குணத்தைப் பொறுத்தவரை, இனத்தின் பெயரை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது. எண்ணிக்கையும் ஆண் பெண் விகிதமும் சேர்ந்தே குணத்தைத் தீர்மானிக்கின்றன. டைகர் பார்ப் இரண்டு மூன்றாக இருந்தால் அடுத்த மீன்களின் துடுப்புகளைக் கடித்துக் குதறும். எட்டுப் பத்தாக இருந்தால் பெரும்பாலும் தங்களுக்குள்ளேயே துரத்திக்கொள்ளும். அப்போதும் நீண்ட துடுப்புள்ள ஏஞ்சல், ஃபைட்டர், கப்பி ஆகியவற்றை அதனோடு விடாதீர்கள். ஃபைட்டர் ஆண் இரண்டைச் சேர்த்து விடக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். அகன்ற வண்ண வாலுள்ள கப்பி ஆணையும் அது போட்டியாளனாக எண்ணித் தாக்கக்கூடும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. குட்டி போடும் இனங்களில் ஓர் ஆணுக்கு இரண்டு அல்லது மூன்று பெண் என்ற விகிதத்தில் வாங்கினால், ஓயாத துரத்தலில் பெண் மீன்கள் களைத்துப்போவது குறையும். குட்டிகள் பெருகுவதை விரும்பாதவர்கள் ஆண்களை மட்டும் வாங்கலாம்.

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் கொண்ட தொட்டி ஏறக்குறைய 54 லிட்டர் கொள்ளும். மணலும் கற்களும் போக 45 லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். அதில் பிளாட்டி நான்கும், நடு மட்டத்திலும் மேல் மட்டத்திலும் நீந்தும் வரிக்குதிரை டேனியோ ஆறும் விட்டால் போதும். டேனியோ நம் நாட்டு ஆறுகளிலேயே உள்ள மீன். துள்ளி வெளியே விழும் பழக்கம் அதற்கு உண்டு என்பதால் மூடி அவசியம். அடிமட்டத்துக்குக் கோரிடோரஸ் என்ற சிறு கெளுத்தி இனம் வேண்டுமென்றால் மூன்றடித் தொட்டியாக வாங்கி, வெப்பம் தாங்கும் ஸ்டெர்பை வகையில் ஆறு விடுங்கள்.

மின்வெட்டையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலும், 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலும் இப்பகுதியில் கரையைக் கடந்தன. தானே புயலுக்குப் பிறகு பல இடங்களில் பல நாட்கள் மின்சாரம் இல்லை. கௌராமி, ஃபைட்டர் போன்றவை நீர்ப்பரப்புக்கு மேலே வந்து காற்றைச் சுவாசிக்கும் உறுப்பு உடையவை என்பதால், ஏர் பம்ப் நின்றாலும் மற்ற மீன்களைவிட நெடுநேரம் தாங்கும். பாட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்றை ஐப்பசி பிறக்கும் முன்பே வாங்கி வைத்துவிடுங்கள்.

மீன்களை விடும் வரிசையும் பொருத்தத்தின் ஒரு பகுதிதான். புதுத் தொட்டியில் அம்மோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியா நிலைபெற நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை ஆகும். அதுவரை பொறுத்திருந்து, சாதுவான சிறு மீன்களை முதலிலும், இடம் பிடித்துக்கொள்ளும் குணமுள்ள ஏஞ்சல் போன்றவற்றைக் கடைசியிலும் விட வேண்டும். புதிதாக வாங்கும் மீன்களை இரண்டு வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பார்த்தால் வெள்ளைப்புள்ளி நோய் உள்ளே வராமல் தடுக்கலாம். அந்தத் தனித் தொட்டியைக் கலைத்துவிடாதீர்கள்: இவ்வளவு பார்த்தும் ஒரு மீன் மற்றவற்றைத் துரத்தினால் அதைப் பிரித்து வைக்க அதுவே இடம். அப்படிப் பிரித்த மீனைக் கடையில் திருப்பிக் கொடுங்கள், அல்லது வளர்க்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். ஊசுட்டேரியிலோ கெடிலம் ஆற்றிலோ விட்டுவிடாதீர்கள், ஏனென்றால் சக்கர் மீன் தமிழக நீர்நிலைகளுக்குள் புகுந்து பெருகியது இப்படி விடப்பட்ட தொட்டி மீன்களாலும்தான்.