புது வருட இஎக்ஸ்சியா, போன வருடத்ததா? பார்த்து வாங்குவது எப்படி

பெரும்பாலான வருடங்களில் மே, ஜூன் வந்தால் போதும், ஆஸ்திரியாவின் மட்டிக்ஹோஃபனில் இருக்கும் கேடிஎம் பைக் கம்பெனி அடுத்த வருடத்துக்கான இஎக்ஸ்சி எண்டூரோ (காடு, மேடு என்று கரடுமுரடான பாதையில் ஓட்டும் பைக்) வரிசையை அறிவித்துவிடும். 2024 மாடல் என்று பில்லில் எழுதப்படும் வண்டி 2023 நடுவிலேயே அறிவிக்கப்பட்டதுதான். அறிவிப்பைப் படித்தால் எல்லாமே புதுசு மாதிரித்தான் இருக்கும்: புது கிராஃபிக்ஸ், புது சீட் கவர், சஸ்பென்ஷனில் "புது செட்டிங்". இதில் பாதிக்கு மேல் பழைய கள், புது மொந்தை. எந்த வருடம் இரும்பு மாறியது, எந்த வருடம் ஸ்டிக்கர் மட்டும் மாறியது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால், டீலர் என்ன சொன்னாலும் நீங்கள் ஏமாற மாட்டீர்கள். அதற்குத்தான் இந்தக் குறிப்பு. இஎக்ஸ்சியை எடுத்துக்கொண்டதற்குக் காரணம், உலகம் முழுக்க எண்டூரோ ஓட்டுகிறவர்கள் கையில் அதிகம் பார்க்கும் வண்டிகளில் அதுவும் ஒன்று. இதே வழியில் யமஹாவையோ பீட்டாவையோ ஷெர்கோவையோகூடப் பார்க்கலாம்.

மூன்று வருடங்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: 2017, 2020, 2024. இந்த மூன்றிலும்தான் ஃப்ரேமும் பாடியும் முழுசாக மாறின. நடுவில் வந்தவை பெரும்பாலும் மெருகேற்றல்தான். ஒரே ஒரு விதிவிலக்கு 2018, அது டூ ஸ்ட்ரோக்குக்கு மட்டும்.

2017-இல் 250, 300 டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்குள் அதிர்வைக் குறைக்கும் பேலன்சர் ஷாஃப்ட் வந்தது, முன்னால் 48 மி.மீ. எக்ஸ்ப்ளோர் ஃபோர்க் (முன் சக்கர சஸ்பென்ஷன்) வந்தது, கார்புரேட்டர் கெய்ஹினிலிருந்து மிக்குனிக்கு மாறியது. ஐரோப்பாவில் கார்புரேட்டரோடு வந்த 250, 300 இஎக்ஸ்சிக்கு அதுதான் கடைசி வருடம், அதனால்தான் "எனக்கு எலக்ட்ரானிக்ஸ் எதுவும் வேண்டாம்" என்கிறவர்கள் இன்னும் அந்த வருடத்து வண்டியைத் தேடி அலைகிறார்கள். ஆனால் அந்த மிக்குனியின் ஜெட்டிங்கை, அதாவது பெட்ரோல்-காற்றுக் கலவையின் அளவை, சரியாகக் கொண்டுவருவது ஒரு தனித் தலைவலி என்பதையும் சேர்த்தே சொல்லிவிட வேண்டும். வாங்கினால், முன்னால் வைத்திருந்தவர் கார்புரேட்டரில் என்ன மாற்றினார் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

2018-இல் ஃப்ரேம் அதேதான், ஆனால் 250, 300 இரண்டிலும் டிரான்ஸ்ஃபர் போர்ட் இன்ஜெக்‌ஷன் வந்தது. எரிபொருள் இன்ஜெக்‌ஷனோடு தொழிற்சாலையிலிருந்தே வந்த கேடிஎம்மின் முதல் டூ ஸ்ட்ரோக் எண்டூரோ வண்டிகள் இவை. இது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்வது முக்கியம், ஏனென்றால் செகண்ட் ஹேண்டில் எதைப் பார்க்க வேண்டும் என்பது அதில்தான் இருக்கிறது. சாதாரண டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலும் ஆயிலும் கலந்து கிராங்க் கேஸ் வழியாகத்தான் மேலே போகும், போகிற வழியில் கிராங்க் பேரிங்கை நனைத்துவிட்டுப் போகும். இந்த முறையில் இரண்டு இன்ஜெக்டர்களும் சிலிண்டரின் பக்கவாட்டுப் போர்ட்டிலேயே பெட்ரோலைத் தெளித்துவிடுகின்றன. அப்போது கீழே கிராங்குக்கு எண்ணெய்ப் பசை ஏது? அதற்காகத் தனி ஆயில் டேங்க், தனி பம்ப். காற்று உள்ளே போகும் பாதையில் அந்த பம்ப் கொஞ்சம் கொஞ்சமாக ஆயிலைச் சேர்க்கும். ஆகவே 2018 முதல் 2023 வரையிலான டூ ஸ்ட்ரோக்கைப் பார்க்கப் போனால், பளபளப்பையெல்லாம் அப்புறம் பார்க்கலாம், முதலில் ஆயில் டேங்கைத் திறந்து பாருங்கள். ஆயில் குழாயில் காற்றுக் குமிழி நிற்கிறதா, டேங்க் அடியில் மண்டி இருக்கிறதா, ஆயில் வார்னிங் விளக்கு வண்டியை ஆன் செய்ததும் ஒழுங்காக எரிந்து அணைகிறதா என்று பாருங்கள். 2018, 2019 வண்டியாக இருந்தால் டீலரிடம் புது மேப் (எஞ்சினுக்கு எவ்வளவு பெட்ரோல் என்று சொல்லும் மென்பொருள்) ஏற்றப்பட்டதா என்பதையும் கேளுங்கள்.

2020-இல் ஃப்ரேமும் பாடியும் புதிது, 150-க்கும் இன்ஜெக்‌ஷன் வந்தது, டூ ஸ்ட்ரோக்கின் சைலன்சர் பைப்பில் வரிவரியாக மேடு போட்டார்கள். கல்லில் இடித்தால் சட்டென்று நசுங்காமல் இருக்கவும், தரைக்கும் பைப்புக்கும் இடைவெளி கூடவும் அந்த ஏற்பாடு. இந்தத் தலைமுறையில் 2021, 2022, 2023 மூன்றும் கிட்டத்தட்ட ஒரே வண்டி. நிறம்தான் வேறு.

2024-தான் பெரிய வெட்டு. கேடிஎம் சொன்ன கணக்கில் 95 சதவீதப் பாகங்கள் புதிது. ஃப்ரேம் வேறு, பின் சப்ஃப்ரேம் வேறு, எக்ஸ்ப்ளோர் ஃபோர்க்கை எடுத்துவிட்டு குளோஸ்ட் கார்ட்ரிட்ஜ் ஃபோர்க்கை (ஆயில் மூடிய உருளைக்குள் இருக்கும் வகை) வைத்தார்கள். டூ ஸ்ட்ரோக்கில் இன்ஜெக்டர்கள் 39 மி.மீ. கெய்ஹின் திராட்டில் பாடிக்கு இடம் மாறின, அதாவது பெட்ரோல் மறுபடியும் கிராங்க் கேஸ் வழியாகவே போகிறது. எக்ஸாஸ்ட் வால்வையும் எலக்ட்ரானிக் மோட்டார் திறக்கிறது. பழைய வண்டியில் இந்த வால்வைக் கட்டுப்படுத்தியது ஒரு சின்ன ஸ்பிரிங்: மஞ்சள் சாதாரணம், சிவப்பு போட்டால் பவர் பளீரென்று ஏறும், பச்சை போட்டால் மெதுவாக வரும். பத்து நிமிட வேலையில் வண்டியின் குணத்தையே மாற்றிவிடலாம். 2024-இலிருந்து அந்த விளையாட்டு இல்லை, எல்லாம் மேப்பில்தான். எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம் உண்டு. ஆனால் மேடு ஏறும்போது கீழ் ஆர்பிஎம்மில் புது எஞ்சின் இழுக்கும் சீரைப் பார்த்துவிட்டு அதை ரொம்ப நேரம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

அடுத்த பெரிய மாற்றம் எப்போது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மோட்டோகிராஸ் வரிசையைப் பாருங்கள். எஸ்எக்ஸ் வண்டிகளுக்கு 2016-இல் வந்த தலைமுறை 2017-இல் இஎக்ஸ்சிக்கு வந்தது. 2019-இல் வந்தது 2020-இல் வந்தது. 2023-இல் வந்தது 2024-இல் வந்தது. மூன்று முறையும் சரியாக ஒரு வருடம் பின்னால். அதற்கும் முன்னால் நூல் பிடிக்க வேண்டுமென்றால் அமெரிக்க சூப்பர்கிராஸ் சீசனுக்காக விடும் 450 எஸ்எக்ஸ்-எஃப் ஃபேக்டரி எடிஷனைப் பார்க்க வேண்டும், புது ஃப்ரேம் முதலில் தலைகாட்டுவது அதில்தான். ஃபேக்டரி எடிஷனில் புது ஃப்ரேம் தெரிந்தால், அடுத்தது எஸ்எக்ஸ், அதற்கடுத்தது இஎக்ஸ்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். இது எழுதிவைத்த சட்டம் கிடையாது, ஆனால் இதுவரை தப்பவில்லை. எஸ்எக்ஸ் இந்த வருடம் முழுசாக மாறிவிட்டது, இஎக்ஸ்சி இன்னும் மாறவில்லை என்றால், அந்த வருடம் முழு விலை கொடுத்து இஎக்ஸ்சி வாங்காதீர்கள். தள்ளுபடி கொடுத்தால் மட்டும் வாங்குங்கள்.

புதுத் தலைமுறையின் முதல் வருடத்தை வாங்கலாமா என்பது பழைய சண்டை. என் கருத்து: பந்தயம் ஓட்டாதவர் இரண்டாம் வருடத்துக்குக் காத்திருப்பது நல்லது. முதல் வருடத்தில் வெளிவரும் சில்லறைத் தொல்லைகள் அதற்குள் சரியாகியிருக்கும், பாதுகாப்புக் கார்டு, பெரிய டேங்க், சம்ப் பிளேட் (எஞ்சினுக்கு அடியில் மாட்டும் காப்புத் தகடு) மாதிரி வெளியார் தயாரிக்கும் சாமான்களும் அதற்குள் சந்தைக்கு வந்திருக்கும். பழைய தலைமுறையின் கடைசி வருடம்தான் உண்மையில் காசுக்கு ஏற்ற வண்டி. எல்லாக் குறையும் தீர்ந்திருக்கும், விலையும் சரிந்திருக்கும், ஸ்பேர் எங்கும் கிடைக்கும்.

ஸ்டிக்கர் எது, இரும்பு எது

அறிவிப்புச் செய்தியை நம்பாதீர்கள், ஸ்பேர் பார்ட்ஸ் கேட்டலாக்கை நம்புங்கள். இரண்டு வருடத்துக் கேட்டலாக்கையும் பக்கத்துப் பக்கத்தில் திறந்துவைத்துக்கொண்டு, கீழ்க்காணும் பாகங்களின் எண்ணை மட்டும் ஒப்பிடுங்கள்: ஃப்ரேம், சிலிண்டர், பிஸ்டன், கிராங்க், கிளட்ச் பாஸ்கெட், ஃபோர்க் கார்ட்ரிட்ஜ், ஷாக், வயரிங் ஹார்னஸ், இசியு (எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டர்). எண் ஒன்றானால் பாகமும் ஒன்றுதான், விளம்பரத்தில் என்ன எழுதியிருந்தாலும் சரி. பிளாஸ்டிக் பாகங்களில் கடைசியில் வரும் எழுத்தும் எண்ணும் நிறத்துக்கானவை, அங்கே வித்தியாசம் தெரிந்தால் பதற வேண்டாம். ஃபோர்க்கில் ஸ்பிரிங்கும் ஷிம்மும் (ஆயில் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் மெல்லிய வட்டத் தகடுகள்) மட்டும் மாறி மற்றதெல்லாம் ஒன்றாக இருந்தால் அதுதான் "புது செட்டிங்". அதை ஒரு நல்ல சஸ்பென்ஷன் மெக்கானிக் உங்கள் பழைய ஃபோர்க்கிலேயே செய்துவிடுவார், அதுவும் உங்கள் எடைக்குப் பார்த்து. தொழிற்சாலை கணக்கில் வைத்த எடையைவிட ரொம்பக் கூடவோ குறையவோ இருக்கிறவருக்கு எந்த வருடத்துத் தொழிற்சாலை செட்டிங்கும் கச்சிதமாகப் பொருந்தாது.

ஹஸ்க்வர்னா டிஇ, எஃப்இ, கேஸ்கேஸ் இசி இவற்றையும் அதே கேட்டலாக்கில் பார்த்துவிடுங்கள். ஹஸ்க்வர்னா 2013-இலும் கேஸ்கேஸ் 2019-இலும் கேடிஎம் குடும்பத்துக்குள் வந்தன, எஞ்சின் ஒன்றுதான். பெரிய வித்தியாசம் பின்னால்: இஎக்ஸ்சியின் ஷாக் பிடிஎஸ் முறையில் நேராக ஸ்விங்ஆர்மில் (பின் சக்கரத்தைத் தாங்கும் கை) மாட்டியிருக்கும், மற்ற இரண்டிலும் அடியில் லிங்கேஜ், அதாவது நெம்புகோல் இணைப்பு, உண்டு. கல்லும் கட்டையும் நிறைந்த இடத்தில் லிங்கேஜ் இடிபடும், சேறு பிடித்தால் அதன் பேரிங்கும் போகும். நான் இஎக்ஸ்சி பக்கம் நிற்பதற்கு அதுவே காரணம்.

சிக்ஸ் டேஸ் எடிஷன் என்று ஒன்று ஒவ்வொரு வருடமும் வரும். 1913-இல் இங்கிலாந்தின் கார்லைலில் தொடங்கிய சர்வதேச ஆறு நாள் எண்டூரோ போட்டி எந்த நாட்டில் நடக்கிறதோ அந்த நாட்டுக் கொடி கிராஃபிக்ஸில் இருக்கும். கொடிக்குக் காசு கொடுக்காதீர்கள். ரேடியேட்டர் ஃபேன், சம்ப் பிளேட், சிஎன்சி டிரிபிள் கிளாம்ப், துளையில்லாத பின் டிஸ்க் என்று கூட வருகிற சாமான்களைத் தனித்தனியாக விலை போட்டுக் கூட்டிப் பாருங்கள். மெதுவாக ஏறி இறங்குகிற கடினமான பாதையில் ஓட்டுகிறவருக்கு ஃபேன் கட்டாயம் வேண்டும், அவருக்கு இது லாபம். திறந்த வெளியில் வேகமாக ஓட்டுகிறவருக்கு அவ்வளவு தேவையில்லை.

ஷோரூமில் நிற்கும்போது

சேஸிஸ் நம்பரைக் கேளுங்கள். ஆஸ்திரியாவில் செய்த கேடிஎம் என்றால் வி-பி-கே என்று தொடங்கும். பதினேழு எழுத்தில் பத்தாவது எழுத்துதான் மாடல் வருடம்: கே என்றால் 2019, எல் 2020, எம் 2021, என் 2022, ஓ-வை விட்டுவிட்டு பி 2023, க்யூ-வை விட்டுவிட்டு ஆர் 2024, எஸ் 2025. பதிவுச் சான்றிதழில் இருப்பது பெரும்பாலும் முதல் பதிவுத் தேதி. 2023 மாடல் ஒன்று ஒன்றரை வருடம் கடையில் கிடந்துவிட்டு 2024-இல் பதிவாகியிருக்கலாம், விற்கிறவர் அதை "2024 வண்டி" என்று சொல்வார். பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை. இந்த இரண்டு வருடத்துக்கும் நடுவில்தான் ஒரு தலைமுறையே மாறியது என்பதால் விலையில் நிறைய வித்தியாசம் வரும்.

புதிதாகவே ஸ்டாக்கில் கிடந்த வண்டியும் உண்டு. 2024 நவம்பரில் கேடிஎம் திவால் நடைமுறைக்குப் போனதும், 2025 பிப்ரவரியில் கடன்காரர்கள் 30 சதவீதத் தொகைக்கு ஒத்துக்கொண்டதும், நடுவில் தொழிற்சாலை நின்றதும் தெரிந்ததுதான். விற்காமல் தேங்கிய வண்டிகளை ஷோரூம்கள் விலை குறைத்துத் தள்ளின. வாங்கலாம், தப்பில்லை. ஆனால் டயர் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்கத்தைப் பாருங்கள், 3523 என்றால் 2023-இன் 35-வது வாரம். ரப்பர் இறுகியிருந்தால் அந்த விலையையும் பேசுங்கள். பேட்டரியைப் புதிதாகக் கேளுங்கள், இந்தத் தலைமுறையில் கிக்கர் இல்லை, பேட்டரி போனால் காட்டுக்குள் தள்ளிக்கொண்டுதான் வர வேண்டும். வாரண்டி எந்தத் தேதியிலிருந்து என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

செகண்ட் ஹேண்டில் கிலோமீட்டரைப் பார்ப்பதைவிட மணி நேரத்தைப் பாருங்கள். எண்டூரோ வண்டிக்கு வயது ஹவர் மீட்டரில்தான். ஃபோர் ஸ்ட்ரோக் இஎக்ஸ்சி-எஃப்புக்கு 15 மணி நேரத்துக்கு ஒருமுறை எஞ்சின் ஆயில் மாற்ற வேண்டும், அந்தக் கணக்குக்குப் பில் இருக்கிறதா என்று கேளுங்கள். நூறு மணி நேரம் ஓடி, இரண்டே இரண்டு ஆயில் பில் காட்டினால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடலாம்.

கடைசியாக, நாட்டுக்கு நாடு ஒரே பெயரில் வேறு வண்டி இருக்கும். வெளிநாட்டு ரிவ்யூவைப் பார்த்துவிட்டு இங்கே காசு கட்டாதீர்கள். இந்தியாவில் 2024 நவம்பரில் 350 இஎக்ஸ்சி-எஃப் 12.96 லட்சம் ரூபாய்க்கு வந்தது, ஐரோப்பாவில் நம்பர் பிளேட்டோடு ஓடுகிற அந்த வண்டியை இங்கே சாலைக்குப் பதிவு செய்ய முடியாது. டிரெய்லரும் டிராக்கும் இருக்கிறவருக்குத்தான் அது. 2025 ஏப்ரலில் வந்த 390 எண்டூரோ ஆர் பஜாஜ் தயாரிப்பு, இஎக்ஸ்சிக்கும் அதற்கும் பெயரில் மட்டும்தான் உறவு. அதிலும் வெளிநாட்டில் முன்னும் பின்னும் 230 மி.மீ. சஸ்பென்ஷன் டிராவல் (சக்கரம் மேலும் கீழும் அசையும் தூரம்), இங்கே முதலில் வந்ததில் 200-உம் 205-உம்தான். நீள டிராவல் உள்ளது பிறகுதான் வந்தது. ஆகவே 390 பார்க்கப் போகிறவர், முன்பணம் கட்டும் முன்பு எந்த டிராவல் உள்ள வண்டி என்று கேட்டு, அதை புக்கிங் ரசீதிலேயே எழுதச் சொல்லுங்கள்.