கறள் ஆணிகளுக்கு நடுவுல விழுந்த மோதிரத்த மெட்டல் டிடெக்டரால தேடுறது எப்படி

கல்லடிக் கடற்கரையில தோணி திருத்துற பக்கம் மச்சாள்ட மோதிரம் விழுந்துட்டு. பொலிஸுக்குச் சொல்லி அனுமதியோடதான் மெட்டல் டிடெக்டர் மெஷினக் (மண்ணுக்குள்ள உலோகம் இருந்தா சத்தம் போடுற மெஷின்) கொண்டு போனம், மூணு எட்டு வைக்க முதலே டிக் டிக் எண்டு காது அடைக்குது, எல்லாம் கறள் பிடிச்ச ஆணி.

இப்படி இடத்துல கனபேர் இரும்புச் சத்தத்த முழுசா அமத்திருவாங்க, அதுதான் பெரிய பிழை. டிஸ்கிரிமினேஷனக் (வேண்டாத உலோகத்திண்ட சத்தத்த அமத்துற செட்டிங்) கூட்டினா சத்தம் நிக்கும் உண்மை, ஆனா ஆணிக்குப் பக்கத்துல கிடக்கிற தங்கமும் சேந்து அமந்து போயிரும். இரும்பு தாழ்ந்த சத்தத்துல கேக்கட்டும், விடுங்க, ஹெட்போன் போட்டு காதால பிரிச்சுப் பழகுங்க. வீட்டு முத்தத்துல ஒரு ஆணியையும் மோதிரத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஒரு பின்னேரம் வீசிப் பாத்தா எல்லாம் விளங்கும்.

பெரிய கொயிலக் (மெஷிண்ட அடியில இருக்கிற வட்டத் தட்டு) கழட்டிட்டு 5, 6 இஞ்சி கொயில் போடுங்க, ஆழம் குறையும்தான், ஆனா நேத்து விழுந்த சாமான் எவ்வளவு ஆழத்துக்குப் போயிருக்கப் போகுது. சென்சிட்டிவிட்டியக் கொஞ்சம் குறைங்க, ரிகவரி ஸ்பீடக் (ஒரு சாமானுக்குப் பிறகு பக்கத்துச் சாமானப் பிரிச்சுப் பிடிக்கிற வேகம்) கூட்டுங்க, கொயில நிலத்தோட ஒட்டி ஆறுதலா கிட்டக் கிட்ட வீசுங்க. ஈர மண்ணுல உப்புத் தண்ணியும் சத்தம் போடும், அதால காஞ்ச மண்ணுல தொடங்குங்க.

நல்ல சத்தம் ஒண்டு வந்தா உடன தோண்டாம குறுக்கால ஒருக்கா வீசிப் பாருங்க. மோதிரம் எண்டா எந்தப் பக்கத்தால வீசினாலும் அதே இடத்துல கேக்கும், ஆணி எண்டா சத்தம் உடையும் இல்லாட்டி இடம் தள்ளிப் போகும். சோடா மூடி இதுலயும் ஏமாத்தும். கரைவலை ஈயமும் மெஷின் திரையில தங்கம் மாதிரியே நம்பர் காட்டும், அத தோண்டித்தான் பாக்கணும், வேற வழியில்ல.

பழைய ஸ்பீக்கர் காந்தத்த கயித்துல கட்டி மண்ணுக்கு மேலால இழுத்தா பாதி ஆணி வந்துரும், மறுகா அதே இடத்த திரும்ப வீசணும். எங்களுக்கு கிடைச்சதும் அப்படித்தான், முதல் தரம் ஒண்டுமே கேக்காத இடத்துல ஆணி எடுத்த பிறகு சின்னதா ஒரு வெட்டுச் சத்தம், ரெண்டு விரல் ஆழத்துல மோதிரம்!

பாரமான, உருண்டையான இரும்பு எதும் தட்டுப்பட்டா கை வைக்காதீங்க, இது யுத்தம் நடந்த மண், விலகி நிண்டு 119க்குச் சொல்லுங்க. புதையல், பழங்காலச் சாமான் எண்டு எங்கயும் தோண்டவும் வேணாம், 1940ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டப்படி அனுமதி இல்லாமத் தோண்டுறது குற்றம்.

கிடங்க மூடிட்டு, அள்ளின ஆணியெல்லாத்தையும் பேணிக்குள்ள போட்டு வீட்ட கொண்டு வந்தம், வெறுங்காலோட ஆக்கள் வலை இழுக்கிற இடம் அது.