எதிர்காலக் குடும்பக் காரை உள்ளிருந்து வரையத் தொடங்குங்கள்

குடும்பத்துக்கான கான்செப்ட் கார் (புது யோசனையைக் காட்டச் செய்யும் மாதிரிக் கார்) ஒன்றை வடிவமைக்க உட்காரும் மாணவர்கள் பெரும்பாலும் முகப்பு விளக்கையும் பெரிய சக்கரங்களையும்தான் முதலில் வரைகிறார்கள். அப்படித் தொடங்கிய காரில் மூன்றாவது வரிசை இருக்கைகளுக்கு மிஞ்சிய இடமே கிடைக்கும். ஆகவே தரையையும் இருக்கைகளையும் முதலில் வரையுங்கள். 1978-ல் இத்தாலிய வடிவமைப்பாளர் ஜுஜாரோ வடிவமைத்துக் காட்டிய லான்சியா மெகாகாமா என்ற கான்செப்ட் கார் உற்பத்திக்கு வரவில்லை என்றாலும், உயரமான கூரையும் தட்டையான தரையும் குடும்பத்துக்கு எவ்வளவு இடம் தரும் என்பதை அது முன்கூட்டியே உணர்த்தியது.

பத்தில் ஒரு பங்கு அளவில் பக்கவாட்டு வெட்டுத்தோற்றம் ஒன்றை வரைந்து, அதில் உயரமான ஆண், குட்டையான பெண் ஆகிய இரு உருவங்களை உட்கார வையுங்கள். இடுப்பு மூட்டு இருக்கும் புள்ளியை முடிவு செய்த பிறகே சக்கரங்களையும் பேட்டரியையும் வரைய வேண்டும். பேட்டரியைத் தரைக்கடியில் வைத்தால் தரை உயர்கிறது; இருக்கையையும் சேர்த்து உயர்த்தாவிட்டால் முழங்கால்கள் மேலே தூக்கிக்கொள்ளும், தொடைக்குத் தாங்கல் இராது, நெடும்பயணத்தில் இடுப்பு வலிக்கும்.

மிகக் கடினமான சிக்கல் இருக்கைகளை மடக்குவதில்தான் இருக்கிறது. அமெரிக்கக் குடும்ப வேனான கிரைஸ்லர் பசிபிகாவின் பெட்ரோல் வகையில் நடுவரிசை இருக்கைகள் தரைக்குழிக்குள் மடங்கி மறையும்; 2017-ல் வந்த ஹைபிரிட் வகையில் அந்தக் குழியைப் பேட்டரி எடுத்துக்கொண்டதால் அந்த வசதி போய்விட்டது. மின்சாரக் கார் வரையும் எவருக்கும் இதே நெருக்கடி வரும் என்பதால், தரையை நம்பாத வழிகளைத் தேடுங்கள். இன்னோவா கிரிஸ்டாவின் கடைசி வரிசையைப்போல இருபக்கச் சுவரோடு மடக்கி நிறுத்தலாம். 2001-ல் வந்த ஹோண்டா ஜாஸில் பெட்ரோல் டேங்க் முன் இருக்கைகளுக்கு அடியில் போனதால், பின் இருக்கையின் அடிப்பகுதியை மேலே தூக்கி நிறுத்தி, அந்த இடத்தில் உயரமான பூந்தொட்டியைக்கூட நிமிர்த்தி வைக்க முடிந்தது. ரெனோ டிரைபரைப்போல இருக்கையைக் கழற்றி எடுப்பது இன்னொரு வழி. ஆனால் அடுக்குமாடி வீட்டில் கழற்றிய இருக்கையை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு விடை கண்ட பிறகு அதைத் தேர்ந்தெடுங்கள்.

அடுத்து, அட்டையும் ப்ளைவுட்டும் கொண்டு முழு அளவு உள்கூடு ஒன்றைச் செய்து, வயதானவர்களை அழைத்து ஏறச் சொல்லுங்கள். நாங்கள் செய்த கூட்டில், முழங்கால் வலியுள்ள பாட்டி ஒருவர் இருக்கைக்கு முதுகைக் காட்டி, முதலில் உட்கார்ந்து, பிறகு கால்களை ஒவ்வொன்றாகத் தூக்கி உள்ளே வைத்தார். நிலத்திலிருந்து 50 செ.மீ. உயரத்தில் இருந்த இருக்கையில் அவர் தொப்பென்று விழுந்தார். அடியில் செங்கல் வைத்து 65 செ.மீ. ஆக்கியதும் சிரமமின்றி அமர்ந்தார். ஆனாலும் கதவின் கீழ்விளிம்பில் கால் தட்டியது, அவர் கை பிடிமானம் தேடி முன்கதவுக்கும் பின்கதவுக்கும் இடையிலுள்ள நடுத்தூணைத் தடவியது. அன்று மாலையே கீழ்விளிம்பைத் தாழ்த்தித் தூணில் கைப்பிடி வைத்தோம். காகிதத்தில் எத்தனை நாள் வரைந்திருந்தாலும் அது தெரிந்திருக்காது. குழந்தை இருக்கை மாட்டிய நிலையிலும் மூன்றாம் வரிசைக்குப் போக வழி இருக்கிறதா என்று அதே கூட்டில் பார்த்துவிடுங்கள்.

இதன் பிறகு காரின் வெளிவடிவத்தைக் காட்டும் களிமண் மாதிரிக்குப் போகலாம். அழகுக்காகக் கூரையைப் பின்பக்கம் சரிக்க வேண்டும் என்ற ஆசை அப்போதுதான் வரும். சரிப்பதற்கு முன், உள்கூட்டின் கடைசி இருக்கையில் நீங்களே அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள்.